ஒரே படம், பல வட்டுகள்: ஹிட்ச்காக் படங்களைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1945-இல் இயக்கிய 'ஸ்பெல்பவுண்ட்' ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஆனால் அதன் இறுதிப் பகுதியில் ஒரு கைத்துப்பாக்கி மெல்லத் திரும்பிப் பார்வையாளரை நேராக நோக்கி வெடிக்கும்போது, கண் இமைக்கும் நேரத்துக்குத் திரை சிவக்கிறது. அந்த ஓரிரு ஃபிரேம்களுக்கு மட்டும் சிவப்பு ஏற்றித்தான் அன்றைய திரையரங்குகளுக்குப் பிரிண்டுகள் போயின. பின்னாளில் வந்த 16 மி.மீ. பிரிண்டுகளிலும் வீடியோ பதிப்புகள் பலவற்றிலும் அந்தச் சிவப்பு விடுபட்டுப்போயிற்று. டிவிடி காலத்தில்தான் அது மறுபடி சேர்க்கப்பட்டது. ஆகவே 'ஸ்பெல்பவுண்ட்' உங்களிடம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டால், இருக்கிறது என்பது பாதிப் பதில்தான். எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

பழைய படங்களை வட்டுகளாகச் சேகரிக்க விரும்புகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய கருத்து இந்தப் 'பதிப்பு' என்பதுதான். ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிய நம் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்று ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். ஒரே நூலின் இரண்டு சுவடிகளில் சொல் மாறியிருக்கும், அடி குறைந்திருக்கும், எது மூலத்துக்கு நெருக்கமானது என்று தேட வேண்டியிருக்கும். திரைப்படத்துக்கும் அப்படியே பாடபேதம் உண்டு. ஒரு வட்டில் நிறம் வேறு, இன்னொன்றில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், மற்றொன்றில் ஒலி பிற்காலத்தில் சேர்த்ததாக இருக்கும். சேகரிப்பவர் உண்மையில் சேகரிப்பது படத்தின் பெயரை அன்று, அதன் ஒரு குறிப்பிட்ட பாடத்தை.

இந்தக் கருத்தைப் பழக ஹிட்ச்காக்கைவிடப் பொருத்தமான இயக்குநர் இல்லை என்பது என் எண்ணம். 1939-இல் இங்கிலாந்திலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன அவர், 1940-இல் வந்த 'ரெபெக்கா' முதல் 1976-இல் வந்த 'ஃபேமிலி பிளாட்' வரை 30 முழுநீளப் படங்களை எடுத்தார். அந்த 36 ஆண்டுகளில் கறுப்பு வெள்ளை, டெக்னிகலர், 3டி, அகலத்திரை, விஸ்டாவிஷன் என்று ஹாலிவுட் மாறிய ஏறக்குறைய எல்லா நிலைகளையும் அவர் படங்கள் கடந்து வந்தன. அவற்றை வரிசையாகச் சேகரிக்கும் ஒருவருக்குத் திரைப்படத் தொழில்நுட்ப வரலாறு அலமாரியிலேயே அமைந்துவிடுகிறது.

ஒரு வட்டின் தரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். படப்பிடிப்பில் கேமராவுக்குள் ஓடியது மூல நெகடிவ். அதிலிருந்து ஒரு பாசிடிவ், அதிலிருந்து இன்னொரு நெகடிவ், அதிலிருந்து திரையரங்குப் பிரிண்டு என்று படியெடுத்துப் படியெடுத்துப் போகும்போது, ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் சிறிது சிறிதாகக் குறைகிறது. வட்டுக்காக ஸ்கேன் செய்கிறவர்கள் மூல நெகடிவிலிருந்து எடுத்தார்களா, பல தலைமுறை தள்ளி வந்த பிரிண்டிலிருந்து எடுத்தார்களா என்பதே முதற்கேள்வி. இரண்டாவது கேள்வி, ஸ்கேன் எப்போது செய்யப்பட்டது என்பது. இருபது ஆண்டுகளுக்கு முன் டிவிடிக்காக உருவாக்கிய மாஸ்டரையே, அதாவது வட்டுகளுக்கு அடிப்படையான பதிவையே, எடுத்துப் புதிய ப்ளூ-ரே உறையில் போட்டு விற்பது இத்தொழிலில் வழக்கமாக நடப்பதுதான். உறை புதிதாக இருப்பது உள்ளே இருக்கும் படம் புதிது என்பதற்குச் சான்றாகாது.

நிறப் படங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1948-இல் ஹிட்ச்காக் எடுத்த 'ரோப்' மூன்று பட்டை டெக்னிகலர் முறையில் படமாக்கப்பட்டது. மூன்று அடிப்படை நிறங்களும் மூன்று தனித்தனிக் கறுப்பு வெள்ளை நெகடிவ்களில் பதிவாயின. கறுப்பு வெள்ளைச் சுருளில் உள்ளது வெள்ளி என்பதால் அது வெளிறுவதில்லை. 1950-இல் அறிமுகமான ஈஸ்ட்மன் கலர் நெகடிவோ மூன்று நிறத்தையும் ஒரே சுருளில் சாயங்களாகத் தாங்கியது. படப்பிடிப்பு எளிதாயிற்று, செலவும் குறைந்தது, ஆனால் சாயம் ஆண்டுக்காண்டு மங்கியது. ஆகவே 1950-களின் படங்கள் அதற்கு முந்தைய டெக்னிகலர் படங்களைவிடச் சில சமயம் மோசமான நிலையில் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஹிட்ச்காக்கின் உச்சப் படைப்புகள் பெரும்பாலும் அந்தப் பத்தாண்டுக்குள் அடங்குகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

அதே பத்தாண்டு தந்த கொடை விஸ்டாவிஷன். பாரமவுண்ட் நிறுவனம் 1954-இல் கொண்டுவந்த இந்த முறையில் 35 மி.மீ. சுருள் கேமராவுக்குள் மேலிருந்து கீழாக ஓடாமல் பக்கவாட்டில் ஓடும். சுருளை நகர்த்த அதன் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் உண்டு; வழக்கமான ஒரு ஃபிரேம் அவற்றில் நான்கு துளைகளின் உயரம் கொண்டது. விஸ்டாவிஷன் ஃபிரேமோ எட்டுத் துளைகளின் நீளம் கொண்டது. பதிவாகும் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். 'டு கேட்ச் எ தீஃப்', 'தி டிரபிள் வித் ஹாரி', 1956-இன் 'தி மேன் ஹூ நியூ டூ மச்', 'வெர்டிகோ', 'நார்த் பை நார்த்வெஸ்ட்' ஆகிய ஐந்தும் இப்படி எடுக்கப்பட்டவை. 2024-இல் வார்னர் வெளியிட்ட 'நார்த் பை நார்த்வெஸ்ட்' 4கே வட்டுக்காக அந்த எட்டுத் துளை மூல நெகடிவையே 13கே அளவில், அதாவது குறுக்கே ஏறத்தாழ 13,000 புள்ளிகளாக, ஸ்கேன் செய்தார்கள். சோள வயலோரத்தில் கேரி கிராண்ட் தனியாக நிற்கும் காட்சியில் அவர் சாம்பல்நிறக் கோட்டின் நெசவையும், தொலைவில் விமானம் புள்ளியாகத் தோன்றும் கணத்தையும் அந்த வட்டில் பார்த்தால், 1959-லேயே சுருளுக்குள் எவ்வளவு இருந்தது என்பது விளங்கும். அதற்கு முந்தைய வட்டுகளால் அவ்வளவையும் காட்ட முடியவில்லை, அவ்வளவே.

'வெர்டிகோ' குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பதிப்பு என்றால் என்ன என்ற பாடம் முழுவதும் அந்த ஒரு படத்துக்குள் இருக்கிறது. 1958-இல் வந்த இப்படத்தின் நெகடிவ் காலப்போக்கில் கெட்டும் மங்கியும் போனது. ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் அதை மீட்டெடுக்க, 1996-இல் 70 மி.மீ. பிரிண்டுகளாக அது மறுபடி திரைக்கு வந்தது. அவர்கள் உழைப்பு இல்லாவிட்டால் இன்று நாம் பார்க்கும் நிறம் நமக்குக் கிடைத்திருக்காது. எர்னீஸ் உணவகத்தின் சிவப்புச் சுவர்களுக்கு முன்னால் பச்சை உடுத்தி அமர்ந்திருக்கும் கிம் நோவாக்கும், பின்பகுதியில் எம்பயர் ஹோட்டல் அறையில் ஜன்னலுக்கு வெளியே எரியும் நியான் பலகையின் பச்சை ஒளிக்குள்ளிருந்து மெல்ல உருத்திரண்டு நடந்து வரும் அதே பெண்ணும் நிறத்தால்தான் இணைக்கப்பட்டிருக்கிறார்கள். நிறம் சற்றுத் தவறினாலும் கதையின் ஒரு முடிச்சு தளர்ந்துவிடுகிறது.

ஆனால் அதே மீட்டெடுப்பில் ஒலி சர்ச்சைக்குள்ளாயிற்று. பெர்னார்ட் ஹெர்மனின் இசையைப் புதிய ஸ்டீரியோ ஒலியோடு பொருத்த வேண்டியிருந்ததால், காலடி ஓசை, கார் ஓசை போன்றவற்றைப் புதிதாகப் பதிவு செய்து சேர்த்தார்கள். முதலில் வந்த டிவிடியில் இந்தப் புதிய ஒலி மட்டுமே இருந்தது. 1958-இல் மக்கள் கேட்ட மோனோ ஒலி, அதாவது ஒற்றைத் தடத்தில் வரும் ஒலி, இல்லை. பிற்காலப் பதிப்புகளில், 2020-இன் 4கே வட்டு உட்பட, இரண்டும் உண்டு. வட்டைப் போட்டதும் ஆடியோ மெனுவுக்குள் சென்று மோனோவைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை பாருங்கள். ஜேம்ஸ் ஸ்டீவர்ட் காரில் சான் பிரான்சிஸ்கோவின் சரிவான தெருக்களில் அந்தப் பெண்ணைப் பின்தொடரும் நீண்ட காட்சியில் ஓசைகள் எவ்வளவு ஒதுங்கியிருக்கின்றன, இசை எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதைக் காதே சொல்லும். புதிய ஒலி மோசமானது என்று நான் சொல்லவில்லை. அது வேறொரு பாடம். மூலப் பாடமும் கையில் இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

அடுத்தது திரை விகிதம், அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள உறவு. 1953 வரையிலான ஹாலிவுட் படங்கள் ஏறத்தாழ சதுரமான 1.37:1 விகிதத்தில் அமைந்தவை. அதன்பின் அகலத்திரை வந்தது. 'ரியர் விண்டோ' 1.66:1, 'சைக்கோ' 1.85:1. இன்றைய தொலைக்காட்சித் திரையோ 1.78:1. ஆகவே 'ரெபெக்கா'வைப் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், 'வெர்டிகோ'வைப் போட்டால் மேலும் கீழும் மெல்லிய பட்டை வரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் படம் வெட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணி, ரிமோட்டில் உள்ள பெரிதாக்கும் வசதியைப் பயன்படுத்தித் திரையை நிரப்புகிறார்கள். உண்மை நேர்மாறானது: பட்டை இருந்தால்தான் படம் முழுமையாக இருக்கிறது, திரையை நிரப்பினால்தான் வெட்டுப்படுகிறது. பழைய விஎச்எஸ் நாடாக்களும் ஆரம்பகால டிவிடிகள் சிலவும் அன்றைய சதுரத் தொலைக்காட்சிக்காக விகிதத்தை மாற்றியவை. பழைய கடைகளில் அவை மலிவாகக் கிடைத்தாலும், முதல் பிரதியாக வாங்குவதற்கு ஏற்றவை அல்ல.

'டயல் எம் ஃபார் மர்டர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1954-இல் 3டி முறையில் எடுக்கப்பட்ட இப்படம் அப்போதே பெரும்பாலான இடங்களில் சாதாரணப் படமாகத்தான் ஓடியது. 2004-இன் டிவிடி அதைச் சதுர விகிதத்தில், தட்டையாகத் தந்தது. அதில் பார்த்தபோது, கேமரா ஏன் இவ்வளவு தாழ்ந்து நிற்கிறது, முகங்களுக்கும் நமக்கும் இடையில் விளக்குகளும் பாட்டில்களும் ஏன் குறுக்கே நிற்கின்றன என்று எனக்குப் புரியவே இல்லை. 2012-இல் வந்த 3டி ப்ளூ-ரே விடை தந்தது. அந்தப் பொருள்களெல்லாம் அறையின் ஆழத்தைக் காட்டுவதற்காக முன்னால் வைக்கப்பட்டவை. கிரேஸ் கெல்லியின் கை கத்தரிக்கோலைத் தேடிப் பின்னோக்கி நீளும்போது, அது திரையைவிட்டு வெளியே நம்மை நோக்கி நீள்கிறது. படம் முழுவதும் அடக்கமாக வைத்திருந்த விளைவை ஹிட்ச்காக் அந்தக் கணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தார். 3டி தொலைக்காட்சிகளை நிறுவனங்கள் கைவிட்டுவிட்டதால், இதைப் பார்க்க இப்போது 3டி வசதியுள்ள புரொஜெக்டரைத் தேட வேண்டியிருக்கிறது.

வட்டு வகைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்காவில் 1997-இல் விற்பனைக்கு வந்த டிவிடியில் 480 வரிகள். 2006-இல் வந்த ப்ளூ-ரேயில் 1080 வரிகள். 2016-இல் வந்த 4கே வட்டில் 2160 வரிகள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய பிஏஎல் டிவிடிகளில் 576 வரிகள் இருந்தாலும், வினாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படம் அவற்றில் 25 ஃபிரேமாக ஓடுகிறது. 136 நிமிடமுள்ள 'நார்த் பை நார்த்வெஸ்ட்' அப்படி ஓடினால் சுமார் 130 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாத பதிப்பானால் ஹெர்மனின் இசையும் மூலத்தைவிடச் சற்று உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். இசை பழகிய காதுக்கு இது உறுத்தும். ப்ளூ-ரேயிலும் 4கேயிலும் பழைய படங்கள் பொதுவாக உரிய வேகத்திலேயே ஓடுகின்றன.

புதியவர்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்வது படச்சுருளின் துகளைத்தான். நல்ல ப்ளூ-ரேயில் பழைய படத்தைப் பார்க்கும்போது, வானத்திலும் சுவரிலும் மணல் தூவியதுபோல் நுண்ணிய துகள்கள் அசைந்துகொண்டே இருக்கும். அது தூசி அன்று, குறையும் அன்று. சுருளில் உருவம் பதிவானதே அந்தத் துகள்களால்தான். சில பதிப்புகளில் கணினி வடிகட்டியால் துகளைத் துடைத்துவிடுகிறார்கள். துகளோடு தோலின் நுண்துளைகளும் துணியின் இழைகளும் சேர்ந்து போய்விட, நடிகர்களின் முகம் மெழுகில் செய்ததுபோல் வழவழப்பாகிவிடுகிறது. புதிதாக வாங்கிய வட்டைச் சோதிக்க நான் செய்வது இதுதான்: முகம் அண்மையில் வரும் ஒரு காட்சியில் நிறுத்தி, கன்னத்தையும் தலைமுடியின் ஓரத்தையும் பார்ப்பேன். முடி தனித்தனி இழையாகத் தெரிந்து, அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடு எதுவும் இல்லாவிட்டால் நல்ல வட்டு.

சில படங்களில் காட்சிகளே மாறுபடுகின்றன. 'சைக்கோ' பல ஆண்டுகள் அமெரிக்காவில் சில வினாடிகள் குறைந்த வடிவத்திலேயே கிடைத்தது. விடுதி நடத்தும் நார்மன் சுவர்த்துளை வழியாகப் பார்க்கும் இடம், அவன் தன் கைகளில் உள்ள இரத்தத்தைப் பார்க்கும் இடம், துப்பறிவாளர் தாக்கப்படும் இடம் ஆகிய மூன்றிலும் விடுபட்டவை, படத்தின் 60-ஆம் ஆண்டான 2020-இல் வந்த பதிப்பில் சேர்க்கப்பட்டன. 1951-இன் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' படத்துக்கோ வெளியீட்டுக்கு முந்தைய வடிவம் ஒன்று உண்டு. அதில் முக்கியப் பாத்திரங்கள் இருவரும் ரயிலில் முதன்முதலில் பேசும் காட்சி சற்று நீளம், முடிவும் வேறு. ப்ளூ-ரேயில் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன.

இனி உரிமை. ஹிட்ச்காக் பல நிறுவனங்களுக்காக வேலை செய்தவர் என்பதால், அவருடைய எல்லாப் படங்களும் அடங்கிய ஒரே பெட்டி என்று எதுவும் இல்லை. அதிக எண்ணிக்கை யுனிவர்சலிடம் இருக்கிறது. 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்', 'ஐ கன்ஃபெஸ்', 'நார்த் பை நார்த்வெஸ்ட்' முதலியவை வார்னரிடமும், 'டு கேட்ச் எ தீஃப்' பாரமவுண்டிடமும் உள்ளன. தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கோடு தொடர்புடைய 'ரெபெக்கா', 'நொட்டோரியஸ்' இரண்டையும் கிரைடீரியன் நிறுவனம் உரிமம் பெற்று 2017-இலும் 2019-இலும் ப்ளூ-ரேயாக அழகாக வெளியிட்டது. 'ரோப்', 'ரியர் விண்டோ', 'தி டிரபிள் வித் ஹாரி', 'தி மேன் ஹூ நியூ டூ மச்', 'வெர்டிகோ' ஆகிய ஐந்தும் ஹிட்ச்காக்கின் சொந்த உடைமையாக இருந்தன. அவர் அவற்றைப் பல ஆண்டுகள் யாரும் பார்க்க முடியாதபடி வைத்திருந்தார். 1980-இல் அவர் மறைந்தபின், மகள் பட்ரீஷியாவுக்குச் சேர்ந்த அவற்றின் உரிமையை யுனிவர்சல் வாங்கி, 1983–84-இல் மறுபடி திரையிட்டது. வீட்டில் வீடியோ பார்க்கும் வழக்கம் பரவிய தொடக்க ஆண்டுகளில் 'வெர்டிகோ' யாருக்கும் கிடைக்காத படமாக இருந்தது என்பதை இன்று நம்புவதே கடினம்.

தொடங்குவதற்கு எளிய வழி 2020-இல் யுனிவர்சல் வெளியிட்ட 4கே தொகுப்பு. 'ரியர் விண்டோ', 'வெர்டிகோ', 'சைக்கோ', 'தி பேர்ட்ஸ்' என்ற நான்கும் அதில் உள்ளன. 2022-இல் வந்த இரண்டாம் தொகுப்பில் 'ஷேடோ ஆஃப் எ டவுட்', 'மார்னி' உட்பட ஐந்து. 2012-இன் 15 படங்கள் கொண்ட ப்ளூ-ரே பெட்டி எண்ணிக்கையில் பெரியது. ஆனால் அதற்குள் தரம் படத்துக்குப் படம் ஏறி இறங்குகிறது. ஒரே நாளில் 15 படங்களை வாங்கி அடுக்குவதைவிட, ஒரு படத்தை நல்ல பதிப்பில் வாங்கி இரண்டுமுறை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது, வட்டு எந்தப் பகுதிப் பிளேயர்களில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியைக் கவனிக்க வேண்டும். டிவிடியில் அமெரிக்கா 1, இங்கிலாந்து 2, இந்தியா 5. ப்ளூ-ரேயில் அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. 4கே வட்டுக்கு மண்டலமே இல்லை. எங்கே வாங்கினாலும் எந்த 4கே பிளேயரிலும் ஓடும். யுனிவர்சல், வார்னர் ப்ளூ-ரேகள் பெரும்பாலும் எல்லா மண்டலத்திலும் ஓடுபவை. அமெரிக்கக் கிரைடீரியன் ப்ளூ-ரேகளோ ஏ மண்டலத்துக்கு மட்டும் பூட்டப்பட்டவை. இதை அறியாமல் நான் வாங்கிய முதல் 'நொட்டோரியஸ்' ஏழு மாதம் உறையிலேயே கிடந்தது; எல்லா மண்டலமும் ஓட்டும் பிளேயர் வாங்கிய பிறகுதான் இங்கிரிட் பெர்க்மனின் கைக்குள் இருக்கும் சாவியை நோக்கி மாடியிலிருந்து கேமரா இறங்கி வரும் அந்தக் காட்சியை என் வீட்டில் பார்க்க முடிந்தது. ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன் பாருங்கள். கேரி கிராண்டின் வேகமான பேச்சில் பாதி நகைச்சுவை சப்டைட்டில் இல்லாமல் நம் காதுக்கு எட்டாது.

வட்டுகளை நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். துடைக்க நேர்ந்தால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டாம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் காகித அட்டைகள் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிப்பதால், அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுவைப்பது நல்லது. இன்னொன்றும் செய்கிறேன். ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சிறு தாள் வைத்து, அந்தப் பதிப்பின் விவரத்தைக் கையால் எழுதி வைக்கிறேன். 'வெர்டிகோ' உறைக்குள் இருக்கும் தாளில் இப்படி இருக்கிறது: "1958. விஸ்டாவிஷன். 1.85. 4கே, 2020. மோனோ உண்டு, மெனுவில் மாற்றவும்."